மூன்றாவது மாடி, ஒன்று குறைவு

சலவைக்கூடத்து முதலாளியம்மாவின் வீட்டில் மூன்று பென்சில்கள் சேர்ந்திருந்தன. மூன்றும் ஒரே நீலம். மூன்றிலும் பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஒன்று தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒன்றால் வீட்டுக்காரர் காது குடையப் போய் முனையை உடைத்திருந்தார். மூன்றாவது சமையலறை ஜன்னலில், காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செருகியிருந்தது.

கொண்டுவந்தவள் பல்கலைக்கழக நிதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். வரும்போதெல்லாம் நகலெடுத்து ஓரத்தில் பின் அடித்த ஒரு கட்டுத் தாள் கையில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ‘வரைவு’ என்ற முத்திரை. கூடவே ஒரு பென்சில். போகும்போது தாளை வாங்கிக்கொள்வாள், பென்சிலை விட்டுவிடுவாள். கொழுந்தன் அவளுக்குப் பென்சிலம்மா என்று பேர் வைத்தான். அதுவே ஒட்டிக்கொண்டது.

“பேனா குடுக்க மாட்டீங்களா?” என்று முதல் தடவையே அவன் கேட்டிருந்தான்.

“பேனா குடுத்தா யாரும் எழுத மாட்டாங்க சார். தப்பாயிடுமோன்னு பயம். பென்சில்னா கிறுக்குவாங்க. எங்களுக்குக் கிறுக்கல்தான் வேணும்.”

“காசு வேணாமா?”

“அதுவும் வேணும். ஆனா அது அப்புறம்.”

அவள் எதையும் ஒளிக்கவில்லை. பல்கலைக்கழகம் அடுத்த ஐந்து வருடத்துக்குப் பெரிய அளவில் நிதி திரட்டப்போகிறது. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் பன்னிரண்டு பேரிடம் போவார்கள். எல்லாம் பெரிய கை. என்ன கட்டலாம், எது முதலில், எதை விட்டுவிடலாம் என்று அவர்களைக் கேட்பார்கள். அவர்கள் சொல்வதை வைத்துத் திட்டம் மாறும். அவர்களில் ஒருவர் முதல் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். பாதிப் பணம் உறுதியான பிறகே ஊருக்கு அறிவிப்பு. அதுவரை எல்லாம் வரைவு.

சலவைக்கூடத்து முதலாளியம்மா அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழக விடுதிகளின் விரிப்புகள் அவள் கூடத்தில்தான் வெளுக்கின்றன. நான்கு மருத்துவமனைகளும் ஒன்பது ஹோட்டல்களும் அதற்கப்புறம் வந்தவை. ஒரே மகனும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் விடுதி அறையில் காய்ச்சலில் செத்துப்போனான்.

பணம் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

*

சனிக்கிழமை விடுதி மூட்டைகள் வரும் நாள். காலை ஒன்பதுக்குள் கொழுந்தனின் வண்டி பின்வாசலில் நிற்கும். மாடிக்கு ஒரு மூட்டை. ஒரு விரிப்பை விரித்து, மற்றவற்றை அதன் நடுவே குவித்து, நான்கு முனையையும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஈர மூட்டையின் முடிச்சை எல்லோராலும் அவிழ்க்க முடியாது. ஒருத்தி மட்டும் பல்லும் கட்டைவிரலுமாக நொடியில் அவிழ்ப்பாள். அவளை முடிச்சு என்றே கூப்பிடுவார்கள். அவிழ்த்ததும் எண்ணுவாள். எண்ணிச் சீட்டில் எழுதுவாள். பிறகு விரிப்புகள் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து பிழியும் இயந்திரம், அங்கிருந்து உருளை இஸ்திரி. இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் ஈரத்தை ஊட்டுவார்கள். இரண்டு பெண்கள் அந்தப் பக்கம் சூட்டை வாங்குவார்கள். ஆவியில் முகம் தெரியாது. குரல்தான் தெரியும்.

முதலாளியம்மா மகன் போன பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். பெண்கள் முதலில் அவள் முன்னால் சிரிக்கப் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். விரலைச் சூட்டு உருளையில் வைத்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாக எடுத்தாள்.

பென்சிலம்மா முதல் தடவை வந்தபோது முதலாளியம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் நூலகம் என்றார். கொழுந்தன் நீச்சல்குளம் என்றான். இவள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர்மேல் பாலாடை படிந்தது. அதை விரலால் எடுத்து ஓரத்தில் ஒட்டினாள்.

“உங்களுக்கு மேடம்?”

“சனிக்கிழமை காலைல பசங்க பெட்ஷீட்ட உருவி வாசல்ல போடணும். மாடிக்கு நாப்பத்தெட்டு ரூம். நாப்பத்தெட்டு வரணும். ஒண்ணு கொறஞ்சா போய்க் கதவத் தட்டணும்.”

பென்சிலம்மா எழுதிக்கொண்டாள்.

“தட்டறதுக்கு மாடிக்கு ஒரு ஆளு. வேற ஒண்ணும் வேணாம்.”

“தெறக்கலன்னா மேடம்?”

“அவங்கிட்ட சாவி இருக்கணும்.”

இரண்டாம் வரைவில் முதலாளியம்மா அதைத் தேடினாள். இல்லை. மூன்றாம் வரைவில் கடைசிப் பக்கத்தில், ‘பிற ஆலோசனைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: ‘விடுதி மாணவர் நல அணுகுமுறையை வலுப்படுத்துதல்.’

“இது நான் சொன்னதா?”

“ஆமா மேடம். அவங்க பாஷைல.”

“கதவு எங்க?”

முதலாளியம்மா பென்சிலை எடுத்து அந்த வரிக்கு மேலே ‘கதவைத் தட்டணும்’ என்று எழுதினாள். பள்ளிக்கூடக் கையெழுத்து. அழுத்தி எழுதியதில் பின்பக்கம் தடம் விழுந்தது.

*

நான்காம் தடவை மழையில் வந்தார்கள். பென்சிலம்மாவோடு நிதி அலுவலக இயக்குநரும் வந்தார். காரின் பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒன்றை அவரும் ஓட்டுநரும் தூக்கிவந்தார்கள். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையைக் காலி செய்தார். ரொட்டித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

தாளை விலக்கினார்கள். மரத்திலும் அட்டையிலும் செய்த கட்டடம். நான்கு மாடி. கண்ணாடி முகப்பு. வாசலில் பச்சைப் பஞ்சில் மரங்கள். விரல்கடை உயரத்துக்கு மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முகப்பில் பித்தளை நிறத்தில் நகம் அளவு எழுத்துகள். மகனின் பெயர்.

வீட்டுக்காரர் தட்டைத் தரையில் வைத்தார். குனிந்து படித்தார். தெரிந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மாணவர் நல மையம் சார்,” என்றார் இயக்குநர். “விளையாட்டு, கவுன்சிலிங், கேண்டீன், எல்லாம் ஒரே கூரைக்குள்ள. ரோட்டுலேர்ந்தே பேரு தெரியும்.”

“ராத்திரிலயும் தெரியுமா?”

“லைட் போட்டுடலாம் சார்.”

கொழுந்தன் சுற்றிவந்து பார்த்தான். “அண்ணி, இந்த ஆளப் பாருங்க. மழைக்குக் குடையில்லாம நிக்கறான். நம்ம டிரைவர் மாதிரியே இருக்கான்.”

இயக்குநர் சிரித்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முதலாளியம்மாவிடம் நீட்டினார். வழவழப்பான தாள். முதுகில் பின் இல்லை, ஒட்டியிருந்தது. அவள் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் குறுக்கே முத்திரை இல்லை. கடைசிப் பக்கம் வரை போனாள். ‘பிற ஆலோசனைகள்’ இல்லை.

இயக்குநர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். கனமான பேனா.

“பென்சில் இல்லையா?” என்றாள் அவள்.

“எதுக்கு மேடம்?”

“மாத்தறதுக்கு.”

“மாத்தறதெல்லாம் முடிஞ்சிடுச்சு மேடம். ஆறு மாசமா உங்க எல்லார்கிட்டயும் கேட்டு, பேசித்தான் இங்க வந்து நிக்கறோம். இது ஃபைனல்.”

“நான் சொன்னது எங்க?”

இயக்குநர் பென்சிலம்மாவைப் பார்த்தார். பென்சிலம்மா குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

“கவுன்சிலிங் ரூம் இருக்கே மேடம். ரெண்டாவது மாடி.”

“அங்க ஆளு போகணும். நான் சொன்னது ஆளு வரணும்னு.”

கொழுந்தன் இடையில் புகுந்தான். “பொண்ணு பாக்க வராங்கன்னு நெனச்சோம் அண்ணி. பத்திரிகையே அடிச்சுட்டு வந்திருக்காங்க.”

“டேய்,” என்றார் வீட்டுக்காரர். கண் இன்னும் எழுத்துகளில்தான் இருந்தது.

இயக்குநர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. களைத்திருந்தார். காலுறை நனைந்திருந்தது. “மேடம், வெளிப்படையாவே சொல்லிடறேன். கட்டடம்னா ஒரு தடவை குடுக்கறது. ஆளுன்னா சம்பளம். வருஷா வருஷம். அதுக்குக் குடுங்கன்னு யார்கிட்ட போய்க் கேப்பேன்? கதவு தட்டும் நிதின்னு புத்தகத்துல போட்டா சிரிப்பாங்க. மீதி பதினோரு பேரும் உங்களத்தான் பாக்கறாங்க. நீங்க போட்டா அவங்க போடுவாங்க. திங்கக்கிழமை விட்டு அடுத்த திங்கக்கிழமை ஆட்சிக்குழுக் கூட்டம். எனக்கு முதல் கையெழுத்து வேணும்.”

“முதல்லயே கேக்கறோம்னு சொன்னீங்க.”

“முதல்லயேதான் கேட்டோம்.”

“கேட்டீங்க,” என்றாள் அவள்.

ஓட்டுநருக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரை எத்தனை என்று எல்லோரிடமும் கேட்டாள். இயக்குநர் கிளம்பும்போது கட்டட மாதிரியைத் திரும்ப எடுக்கவில்லை. “இங்கயே இருக்கட்டும் சார். பாத்துக்கிட்டே இருங்க,” என்றார். புத்தகத்தையும் பேனாவையும் அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டார்.

பென்சிலம்மா கடைசியாக வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டும் சாக்கில் குனிந்து, கைப்பையைத் திறந்து, ஒரு நீலப் பென்சிலைச் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கினாள்.

*

ஐந்து நாள் அந்தக் கட்டடம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. இருவரும் மேசையின் மற்ற பாதியில் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் வாசல் மரங்களின் தூசியைச் சட்டை நுனியால் தட்டினார். மழை விடவில்லை. கூடத்தில் விரிப்புகள் காய மறுத்தன. உருளையை இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பேனாவைக் கையில் எடுத்தார். அவள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் போட்டுடறேன். பக்கத்துல நீயும் போட்டுடு.”

“நான் போடல.”

“ஏம்மா, யார்கிட்ட கோச்சுக்கற? அவன் பேரு எங்கயாவது இருக்கணும். வீட்டுல கூப்பிடறதுக்கு ஆளில்ல. ரோட்டுல போறவனாவது படிக்கட்டும்.”

“படிக்கட்டும்.”

“அப்ப போடு.”

“நான் சொன்னத எழுதட்டும். போடறேன்.”

“கதவு, கதவு! ரெண்டு வருஷமா வாயே தெறக்காதவ, தெறந்தா இதத்தான் சொல்ற. தட்டியிருந்தா மட்டும்…” அவர் நிறுத்திக்கொண்டார். “வியாழக்கிழமை காய்ச்சல். திங்கக்கிழமை கதவ ஒடச்சாங்க. நடுவுல நடந்தது யாருக்குத் தெரியும்? தட்டணும்னு யாருக்குத் தோணியிருக்கும்?”

அவள் முட்டையைத் தட்டில் வைத்தாள். கையைக் கழுவினாள், துடைத்தாள். உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். கூடத்தில் தினமும் கிழிக்கும் மஞ்சள் சீட்டு. அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. சனிக்கிழமை. விடுதி. மூன்றாவது மாடி, மகன் இருந்த மாடி. நாற்பத்தேழு. ஒன்று குறைவு. கீழே கையெழுத்து.

“முடிச்சு எழுதினதா?”

“முடிச்சு அன்னிக்கு லீவு.”

அவர் இன்னொரு தடவை கையெழுத்தைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பார்க்கும் கையெழுத்து. அதற்குப் பிறகும் கேட்டார்.

“யாருது?”

“என்னுது.”

மழை தகரத்தில் பெய்தது. சமையலறை ஜன்னல் பென்சிலை நெருக்கிக்கொண்டு முனகியது.

“வாரா வாரம் ஒண்ணு ரெண்டு கொறையும்,” என்றாள். “தூங்கிட்டிருப்பானுங்க. ஊருக்குப் போயிருப்பானுங்க. எண்ணினேன். எழுதினேன். அடுத்த மூட்டைய அவுத்தேன்.”

“அது அவனுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அன்னிக்குத் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேனாவுக்கு மூடி போட்டார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி போட்டார்.

“ரெண்டு வருஷமா வெச்சிருக்கியா?”

“ம்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லி?”

அவள் உரித்த முட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவர் தட்டில் வைத்தாள். உப்பைத் தள்ளினாள். வெகுநேரம் கழித்து அவர் அதைச் சாப்பிட்டார்.

*

மறுநாள் காலை அவர் கூடத்துக்கு வந்தார். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. முடிச்சு எழுந்து நின்றாள்.

“ஒக்காரு. எண்ணு.”

அவர் வருவதற்கு முன்னாலேயே பென்சிலம்மா வந்து தொட்டியோரம் நின்றிருந்தாள். கையில் பின் அடித்த தாள். குறுக்கே முத்திரை.

முதலாளியம்மா அதைப் பார்த்தாள். “ஃபைனல்னாரே?”

“ஃபைனல்தான் அக்கா. ஆனா நீங்க போடலன்னு தெரிஞ்சதும் மத்தவங்க யாரும் பேனாவத் தொட மாட்டேங்கறாங்க. நேத்து சாயங்காலம் சார் என்னக் கூப்பிட்டு, மறுபடி டிராஃப்ட் போடுன்னாரு.” முதல்முறையாக அக்கா என்று கூப்பிட்டதை அவளே கவனிக்கவில்லை. “அஞ்சாம் பக்கத்துல நீங்க சொன்னத எழுதிட்டு வந்திருக்கேன்.”

“ஒத்துக்கிட்டாரா?”

“இன்னும் இல்ல. அதனாலதான் டிராஃப்ட்.”

முடிச்சு எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் மாடி நாற்பத்தெட்டு. இரண்டாவது மாடி மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்த குவியலில் போட்டாள். கடைசியைப் போட்டுவிட்டு நிமிரவில்லை. இன்னொரு தடவை எண்ணினாள்.

“நாப்பத்தேழு அக்கா.”

உருளைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார்.

“வண்டிய எடுடா.”

“எங்கண்ணே?”

“எடு.”

நான்கு பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். விடுதிக் காவலாளிக்கு வண்டியைத் தெரியும். கதவைத் திறந்துவிட்டார். கொழுந்தன் வண்டியிலேயே இருந்தான். மூவரும் இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். நீள நடை. இரண்டு பக்கமும் கதவுகள். ஈரத் துண்டுகள், ஷூக்கள், யாரோ பல் துலக்கும் சத்தம்.

எந்த அறை என்று சீட்டில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

வீட்டுக்காரர் முதல் கதவைத் தட்டினார்.

“யாரு?”

“பெட்ஷீட் போட்டுட்டியாப்பா?”

“அப்பவே போட்டுட்டேன் அங்கிள்.”

அடுத்த கதவு. அடுத்தது. பென்சிலம்மா வரைவின் பின்பக்கத்தில் கதவுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். சில பையன்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவன், “சோப்பு விக்கறீங்களா?” என்றான். இன்னொருவன் அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவர் விரல் முட்டி சிவந்திருந்தது. முதலாளியம்மா பின்னால் நடந்தாள். எதுவும் தோன்றவில்லை. தரையின் ஈரத்தில் வழுக்காமல் நடக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

முப்பத்தொன்றாவது கதவு திறக்கவில்லை.

அவர் மறுபடி தட்டினார். உள்ளே சத்தம் இல்லை. உள்ளங்கையால் தட்டினார்.

“தம்பி.”

பென்சிலம்மாவின் பென்சில் நின்றது. எதிர் அறைக்காரன் வெளியே வந்தான். “அவன் ரூம்லதான் இருக்கான் அங்கிள். நேத்துலேர்ந்து பாக்கல.”

வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது. அதற்குமேல் போகவில்லை. அவள் அவரைத் தாண்டி வந்து தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள்.

கட்டில் முனகியது. எதுவோ கீழே விழுந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. ஒரு பையன் நின்றான். முகத்தில் தலையணைக் கோடு. காதில் இருந்ததைப் பிடுங்கினான்.

“என்னாச்சு? தீயா?”

“பெட்ஷீட்,” என்றாள் அவள்.

“ஐயோ. இன்னிக்குச் சனிக்கிழமையா? சாரி ஆண்ட்டி. விடியுற வரைக்கும் படிச்சேன்.” திரும்பி ஓடி, விரிப்பை ஒரே இழுப்பில் உருவி, உருட்டி அவள் கையில் திணித்தான். “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஆமா.”

“ஒடம்பு நல்லாருக்காப்பா?” என்றார் வீட்டுக்காரர்.

“நல்லாருக்கேன் அங்கிள்.” பையனுக்குப் புரியவில்லை. “பசிக்குது. அவ்வளவுதான்.”

“போய்ச் சாப்பிடு. முதல்ல சாப்பிடு.”

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அஞ்சாம் பக்கத்துல வேணாம்மா,” என்றார் பென்சிலம்மாவிடம். “மொதப் பக்கத்துல எழுது. உங்க சார் ஒத்துக்கிட்டாருன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். கட்டடத்த அப்புறம் பேசலாம்.”

பென்சிலம்மா தாளைக் கைப்பிடிமேல் வைத்து எழுதினாள். “அந்த ஆளுங்களுக்கு என்ன பேரு வைக்கறது சார்? உங்க பையன் பேர்லயே…”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“வேணாம்,” என்றார். “தட்டறவனுக்கு நம்ம பையன் பேரு எதுக்கு? உள்ள இருக்கறவன் பேரு தெரிஞ்சா போதும்.”

மழை விட்டிருந்தது. கொழுந்தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த வேடிக்கையை விழுங்கினான். வண்டி கிளம்பியது.

அவள் விரிப்பை மடியில் வைத்திருந்தாள். உருட்டியபடியே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் விடுதி விரிப்பு அவள் கைக்கு எப்போதும் மூட்டையாக, ஆறிப்போய், ஈரம் கோத்துத்தான் வந்திருக்கிறது. இதற்குள் கையை விட்டாள். படுத்திருந்தவனின் சூடு இன்னும் இருந்தது.

கூடம் வந்து சேரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.